விடாது கருப்பும் கள்ளிக்குப்பமும்

துப்பறியும் கதையைப் புத்தகமாகப் படிப்பவர் பொறுமை இழந்தால் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிடலாம். அதையே வாரத்துக்கு ஒருமுறை வரும் தொலைக்காட்சித் தொடராகப் பார்ப்பவருக்கு அந்த வழி கிடையாது. ஒரு பகுதி முடிந்து திரையில் ‘தொடரும்’ என்ற சொல் விழுந்த கணத்திலிருந்து அடுத்த வாரம் அதே நேரம் வரும்வரை கதை பார்ப்பவரின் பொறுப்பில் இருக்கிறது. சமையலறையிலும் பேருந்திலும் வேலையிடத்திலும் அவர் அதை வளர்க்கிறார், திருத்துகிறார், சில சமயம் எழுதியவரைவிட நன்றாகவே முடித்தும் வைத்துவிடுகிறார். ஆகவே கொலைகாரன் யார் என்று தொடர் கடைசியில் சொல்லும்போது அந்த விடை ஆயிரக்கணக்கான வீட்டு விடைகளோடு மோத வேண்டியிருக்கிறது. தமிழில் இந்த மோதல் கூர்மையாக நிகழ்ந்த தொடர்களுள் ஒன்று, தொண்ணூறுகளின் பிற்பாதியில் சன் தொலைக்காட்சியில் வந்த ‘மர்ம தேசம்’ வரிசையின் ‘விடாது கருப்பு’. அதன் முடிவு அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தின் ஒரு தெருவில் எப்படி வரவேற்கப்பட்டது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தனியார் தமிழ் அலைவரிசையாக சன் தொலைக்காட்சி 1993 ஏப்ரலில் தொடங்கியபோது, தூர்தர்ஷனின் பதின்மூன்று வாரக் குடும்பக் கதைகளுக்குப் பழகியிருந்த நேயர்களை இருட்டும் அச்சமும் கொண்ட கதைகளுக்கு இழுக்க முடியும் என்று பலர் நம்பவில்லை. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் அந்தத் துணிச்சலைக் காட்டியது. இந்திரா சௌந்தர்ராஜனின் கதைகளை எடுத்துக்கொண்டு நாகா இயக்கிய ‘மர்ம தேசம்’ முதலில் ‘ரகசியம்’ என்ற தலைப்பில் ஒரு சித்தர் கோயிலைச் சுற்றி நடந்தது. அடுத்து வந்த ‘விடாது கருப்பு’, ‘விட்டுவிடு கருப்பா’ என்ற நாவலிலிருந்து உருவானது. தோட்டக்காரமங்கலம் என்ற கற்பனைக் கிராமத்தில் தவறு செய்பவர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள்; ஊர்மக்கள் அதைக் காவல் தெய்வமான கருப்பசாமியின் தண்டனை என்று நம்புகிறார்கள்; நகரத்திலிருந்து வரும் படித்த இளைஞர்கள் மனிதக் கை ஒன்று இருக்க வேண்டும் என்று தேடுகிறார்கள். ராஜேந்திரன் என்ற சிறுவனின் பால்ய காலமும், அவன் வளர்ந்த பிறகான நிகழ்காலமும் மாறி மாறிச் சொல்லப்பட்டதால், அன்றைய நேயர் ஒரே வாரத்தில் இரண்டு காலங்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இதை அந்தக் காலத்துத் தொலைக்காட்சி நேயரிடம் எதிர்பார்த்ததே ஒரு மரியாதைதான்.

இந்தக் கதை சென்னையின் மேற்குப் புறநகரில் ஏன் அவ்வளவு ஆழமாக இறங்கியது என்பதற்கு அங்கே குடியேறியவர்களின் பூர்வீகத்தைப் பார்க்க வேண்டும். அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலையும் டயர் தொழிற்சாலையும், 1960களில் எழுந்த தொழிற்பேட்டையும், ஆவடியில் பீரங்கி வண்டிகள் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலையும் வந்த பிறகு, மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஐ.டி.ஐ. முடித்த இளைஞர்கள் இரண்டு தலைமுறையாக இங்கே வந்து சேர்ந்தார்கள். வாடகை வீட்டில் தொடங்கி, ஏரிக்கரையோரம் அரை மனை வாங்கி, ஒரு படுக்கையறை கட்டி, பிறகு ஊரிலிருந்து தாயை அழைத்துக்கொள்வது அவர்களின் வாழ்க்கை வரிசை. தாயோடு சேர்ந்து குலதெய்வமும் வந்தது. குலதெய்வம் என்பது ஒரு வம்சத்தின் தந்தை வழியினர் தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்கே உரியதாக வழிபடும் தெய்வம். அதன் கோயில் பிறந்த ஊரில்தான் இருக்கும், குழந்தைக்கு முதல் மொட்டை அங்கேதான். வைகைக்குத் தெற்கே இருந்து வந்த பல குடும்பங்களுக்கு அது ஏதோ ஒரு கருப்பர்: கையில் அரிவாள், ஏறிவரக் குதிரை, படையலில் சுருட்டு. திருமுல்லைவாயில் பச்சையம்மன் கோயிலில் பேருருவாக அமர்ந்திருக்கும் காவல் வீரர்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாலும், அவர்கள் இந்த மண்ணின் தெய்வங்கள், தங்களுடையவர் ஊரில் இருக்கிறார் என்ற எண்ணம் அந்தத் தாய்மார்களுக்கு மாறவே இல்லை.

அப்படிப்பட்ட ஒரு வீட்டில்தான் இக்கட்டுரையாளர் பள்ளிப் பருவத்தில் இத்தொடரைப் பார்த்தார். தொழிற்பேட்டையின் சிறு பட்டறை ஒன்றில் தந்தை கடைசல் எந்திரம் ஓட்டினார். சிவகங்கைச் சீமையிலிருந்து வந்திருந்த அப்பத்தா, அதாவது தந்தையின் தாய், சுவரில் சாய்ந்து இரண்டு கால்களையும் நீட்டி உட்கார்ந்துதான் எதையும் பார்ப்பார். முழங்கால் வலிக்காரர் என்பதால் அதற்கு வீட்டில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் தொடரில் குதிரைக் குளம்பொலி தொடங்கியதும் அந்தக் கால்கள் மடங்கிவிடும். புடவைத் தலைப்பை இழுத்து முழங்காலை மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒலி அடங்கும்வரை அப்படியே இருப்பார். சாமி வரும் திசையில் காலை நீட்டக் கூடாது என்பது காரணம்; சாமி வரும் திசை அந்த வீட்டில் இருபத்தோரு அங்குலப் பெட்டி வைத்திருந்த மூலை. திரையில் தோன்றுவது நடிகர் என்று விளக்க முயன்ற பேரனிடம், “ஆளு நடிகன்தான்டா, குதிரை யாருது?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று மட்டுமல்ல, இதை எழுதும் நேரத்திலும் சரியான பதில் கிடைக்கவில்லை.

பட்டறையில் இதே தொடர் வேறு உருவம் எடுத்திருந்தது. துளையிடும் எந்திரத்தின் பக்கவாட்டுத் தகட்டில் சாக்குக்கட்டியால் சந்தேகத்துக்குரிய பாத்திரங்களின் பெயர்கள் எழுதப்பட்டு, ஒவ்வொன்றின் கீழும் பந்தயம் கட்டியவரின் முதலெழுத்து குறிக்கப்பட்டிருக்கும். தோற்றவர் வென்றவருக்கு ஒரு வாரம் டீயும் பொறையும் வாங்கித் தர வேண்டும். எண்ணெய்க் கை பட்டு அழிந்த பெயர்களை மறுநாள் காலை மீண்டும் எழுதுவார்கள்; அந்தச் சாக்கில் கட்சி மாறியவர்களும் உண்டு. முந்தைய பகுதியைப் பார்க்காமல் இரவு ஷிப்டில் இருந்தவர்களுக்குக் கதை சொல்லும் பொறுப்பு ஒருவருக்கு இருந்தது, அவர் குதிரை ஒலியையும் வாயாலேயே எழுப்புவார் என்று தந்தை சொல்வதுண்டு. பத்துப் பேருக்கு மேல் கட்டிய அந்தப் பந்தயத்தில் கதாநாயகனான ராஜேந்திரனின் பெயருக்குக் கீழே ஒரே ஒரு எழுத்துதான் இருந்தது. அவர் பாலக்காட்டுப் பக்கத்துக்காரர். 1993இல் வந்த ‘மணிச்சித்ரதாழ்’ என்ற மலையாளப் படத்தை ஊரில் மூன்று முறை பார்த்தவர்.

தொடரின் இறுதிப் பகுதிகளில் விடை வந்தது. சேத்தன் நடித்த ராஜேந்திரனே கொலைகளைச் செய்தவன். ஆனால் அவனுக்கே அது தெரியாது. அவனுக்குள் கருப்பு என்ற இன்னொரு ஆளுமை உருவாகி, குற்றம் செய்தவர்களைத் தண்டித்துவிட்டு மறைந்துவிடுகிறது. ஓர் உடலில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆளுமைகள் மாறி மாறி ஆட்சி செய்வதாகவும், ஒன்றின் செயல் மற்றொன்றின் நினைவில் நிற்பதில்லை என்றும் விவரிக்கப்படும் இந்நிலையைத் தமிழில் பிளவாளுமை, இரட்டை ஆளுமை என்று பலவாறு சொல்கிறார்கள். பாலக்காட்டுக்காரர் மூன்று முறை பார்த்திருந்த படமும் இதைப் பற்றியதே. அமெரிக்க உளமருத்துவர்களின் கையேடு 1994இல்தான் இதன் பழைய பெயரை மாற்றி, ஆளுமைகளின் எண்ணிக்கையைவிட நினைவும் அடையாளமும் துண்டிக்கப்படுவதற்கு அழுத்தம் தரும் புதுப் பெயரைச் சூட்டியது. மருத்துவர்களிடையே பெயரே அப்போதுதான் மாறியிருந்த ஒரு கருத்து, கோழியை அடைத்துவிட்டுத் தொலைக்காட்சி பார்க்க உட்காரும் தெருக்களுக்கு ஒரு கிராமக் கதையின் வழியாக வந்து சேர்ந்தது.

நோயின் பெயர் சொல்லப்பட்ட இடத்தில் அப்பத்தாவின் மடங்கிய கால்கள் மெல்ல நீண்டன. அவ்வளவுதான். வெற்றிலைப் பெட்டியை எடுத்துத் தரச் சொன்னார். பாக்கை வெட்டும்போது, “சாமிய நோயின்னு ஆக்கிப்புட்டானுகளேப்பா” என்றார். “கதைதானே ஆத்தா” என்று தந்தை சொன்னதற்கு, “இத்தன நாளு கதையின்னு ஒருத்தரும் சொல்லலையே” என்று விடை வந்தது.

அந்தத் தெருவில் ஒரு பாதி இந்த முடிவைப் பார்க்கவே இல்லை. விளக்குக் கம்பத்தில் கட்டியிருந்த கேபிள் பெருக்கி அந்த நேரம் பார்த்துச் செயலிழந்ததால், மூன்றாவது வீட்டிலிருந்து கோடி வீடு வரைக்கும் திரையில் வெறும் புள்ளிகள் ஓடின. கேபிள்காரரைத் தேடிச் சைக்கிளில் போனவர்கள் அவரும் வேறொரு தெருவில் தொடர் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு திரும்பினார்கள். மறுநாள் குழாயடியில் முடிவைக் கேட்டுத் தெரிந்துகொண்ட அந்தப் பாதித் தெரு, ஏமாற்றத்தை மற்றவர்களைவிடக் குறைவாகவே காட்டியது. கேட்ட முடிவைக் கேட்ட வாக்கிலேயே மாற்றிக்கொள்ள அவர்களுக்கு இடம் இருந்தது. அமெரிக்காவில் ‘தி சோப்ரானோஸ்’ என்ற குற்றக் குடும்பத் தொடரின் கடைசிப் பகுதி 2007 ஜூன் 10 அன்று ஒளிபரப்பானபோது, உணவகக் காட்சி ஒன்றின் நடுவில் திரை சட்டென்று கருத்துவிட, கேபிள் அறுந்துவிட்டது என்று எண்ணிப் பல நேயர்கள் பதறினார்கள் என்பது உலகறிந்த செய்தி. அங்கே இயக்குநர் திட்டமிட்டுச் செய்ததைக் கள்ளிக்குப்பத்தில் ஒரு மின்பெருக்கி பத்தாண்டுகளுக்கு முன்பே செய்து முடித்திருந்தது.

பட்டறையில் வழக்கு வேறு விதமாக நடந்தது. பாலக்காட்டுக்காரர் வென்றதாக அறிவித்துக்கொண்டபோது மற்றவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. கொன்றது ராஜேந்திரனின் கை என்றாலும், கொல்லும் எண்ணம் கருப்பினுடையது, ஆகவே கருப்பின் பெயருக்குக் கீழே கட்டியவர்களே வென்றார்கள் என்பது அவர்கள் வாதம். இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளிவிட முடியாது. மனநலம் குன்றிய நிலையில், தான் செய்வது என்ன என்றோ அது தவறு என்றோ அறிய இயலாதவர் செய்த செயல் குற்றமாகாது என்று 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 84ஆம் பிரிவில் சொல்லியிருந்தது. இப்போது நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. அப்படியானால் தோட்டக்காரமங்கலத்தில் பிணங்கள் உண்டு, குற்றவாளி இல்லை. கடைசல் பட்டறைத் தொழிலாளர்கள் எந்தச் சட்டப் புத்தகத்தையும் திறக்காமல் வந்தடைந்த இடம் இதுதான். டீயும் பொறையும் கடைசிவரை கைமாறவில்லை. சாக்குக்கட்டி எழுத்துகள் எண்ணெயில் தானாகவே அழிந்தன.

துப்பறியும் கதையின் முடிவு ஏமாற்றுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. படிப்பவரிடம் மறைத்து வைத்த ஒன்றைக் கடைசியில் திடீரென்று எடுத்துப் போடுவது முதல் வழி. இதைத் தடுக்கவே, கதை எழுதும் கத்தோலிக்கப் பாதிரியாரான ரொனால்டு நாக்ஸ் 1929இல் பத்து விதிகளை வகுத்தார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே தலைகாட்டியிருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று, தெய்வமோ பேயோ விடையாக வரக்கூடாது என்பது இன்னொன்று. கடவுளுக்கு ஊழியம் செய்தவரே கடவுளைக் கதைக்கு வெளியே நிறுத்தியதை வேடிக்கை என்று கொள்ளலாம். இந்த விதிகளின்படி பார்த்தால் ‘விடாது கருப்பு’ நேர்மையாக ஆடிய ஆட்டம்: ராஜேந்திரன் முதலிலிருந்தே கண்முன்னே இருக்கிறான், அவன் பால்யம் முழுவதும் விரித்துக் காட்டப்படுகிறது, பார்த்தவர்கள் பரிதாபத்தோடு பார்த்தார்களே தவிரச் சந்தேகத்தோடு பார்க்கவில்லை. குறை சொல்வதானால், அச்சத்தை அவ்வளவு பொறுமையாகக் கட்டிய தொடர் விளக்கத்தைச் சற்று வேகமாகக் கொட்டிவிட்டது என்று சொல்லலாம்.

இரண்டாவது வழி, விடை சொல்வதே. டேவிட் லிஞ்சும் மார்க் ஃப்ராஸ்டும் உருவாக்கிய ‘ட்வின் பீக்ஸ்’ என்ற அமெரிக்கத் தொடர் 1990இல் ஒரு பெண்ணின் கொலையோடு தொடங்கியது. கொலைகாரனைச் சொல்லும்படி அலைவரிசை நெருக்கியதால் இரண்டாம் பருவத்தின் நடுவிலேயே சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு நேயர்கள் விலகிப்போக, 1991 ஜூன் 10 அன்று அது நின்றது. கேள்வியைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் பதிலைப் பெற்றுக்கொண்டு போய்விட்டார்கள். கள்ளிக்குப்பத்தின் ஏமாற்றம் இதற்கு நெருங்கியது, ஆனாலும் இதுவே அல்ல. அங்கே மாதக்கணக்கில் வாரந்தோறும் ஒரு காவல் தெய்வம் ஊரிலிருந்து குதிரையேறி வந்து போய்க்கொண்டிருந்தது. சென்னையில் தன் சாமிக்கு இடமில்லை என்று நினைத்திருந்த ஒரு கிழவிக்கு, வாரம் அரை மணி நேரம் இடம் கிடைத்திருந்தது. முடிவு அந்த இடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. தொடரை எடுத்தவர்கள் பகுத்தறிவின் பக்கம் நின்றது சரி என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. கொலையைத் தெய்வத்தின் தலையில் கட்டும் கதை ஊரில் நிஜமாகக் கொலை செய்பவனுக்கு வசதியாகிவிடும். ஆனால் சரியான முடிவு நேயருக்கு நிறைவான முடிவாகவும் இருக்கும் என்று எந்த விதியும் இல்லை. நாக்ஸின் பத்திலும் இல்லை.

இந்தப் பிணக்குக்குப் பின்னால் காலம் ஒரு திருத்தத்தைச் செய்தது. 2005ஆம் ஆண்டில் ஏப்ரலில் ‘சந்திரமுகி’யும் ஜூனில் ‘அந்நிய’னும் திரைக்கு வந்து, ஓர் உடலில் பல ஆட்கள் என்பதைத் தமிழ்நாட்டின் ஒவ்வொரு வீட்டுக்கும் பழகிய செய்தியாக்கின. அதற்குள் தொலைக்காட்சியின் இயல்பும் மாறியிருந்தது. ‘சித்தி’ தொடருக்குப் பிறகு நாள்தோறும் வரும் நெடுந்தொடர்கள் மாலை நேரத்தைக் கைப்பற்றியதால், வாரம் முழுவதும் சந்தேகத்தை ஊறவைக்கும் இடைவெளியே மறைந்தது. 2003இல் தொடங்கி 2009 டிசம்பரில் முடிந்த ‘கோலங்கள்’ ஆயிரத்து ஐந்நூறு பகுதிகளைத் தாண்டி ஓடியது. அத்தகைய தொடரின் முடிவு, நெடுநாள் நோயாளியின் மரணத்தைப் போல, துக்கம் விசாரிக்கப்படுவதோடு சரி. இன்று ‘சுழல்’, ‘வதந்தி’ போன்ற இணையத் தொடர்கள் எட்டுப் பகுதிகளையும் ஒரே நாளில் கையில் கொடுத்துவிடுகின்றன. முடிவு பிடிக்காவிட்டால் அடுத்த ஒரு மணி நேரத்துக்கு முனகிவிட்டு வேறொன்றைத் திறக்கலாம். தகட்டில் பெயர் எழுதிப் பந்தயம் கட்ட நேரமில்லை.

‘விடாது கருப்’பை யூடியூபில் அண்மையில் மறுபடியும் பார்த்தபோது, முடிவு தெரிந்த கண்ணுக்கு ராஜேந்திரனின் ஒவ்வொரு தயக்கமும் சாட்சியமாகத் தெரிந்தது, பந்தயத்தில் அந்தப் பெயரைத் தவறவிட்டது எப்படி என்பதே வியப்பாயிற்று. குளம்பொலி வரும் இடங்களில் அந்தப் பழைய அச்சம் எழவில்லை. கால் மட்டும் ஒருமுறை தானாக மடங்கியது.

தொடர் முடிந்தபின் வந்த மாசிக்களரிக்கு, அதாவது சிவராத்திரியை ஒட்டிக் குலதெய்வத்துக்கு எடுக்கும் ஆண்டு விழாவுக்கு, அப்பத்தா மகனோடும் பேரனோடும் ஊருக்குப் போனார். அந்த ஊருக்கு அப்போது கேபிள் வரவில்லை, டவுனுக்குப் போய்வந்த யாரோ தொலைக்காட்சியில் கருப்பர் கதை ஓடியதாகச் சொல்லக் கேட்டிருந்த பூசாரி, “கதை என்னாச்சு ஆத்தா?” என்று விசாரித்தார். பொங்கல் பானை கொதிக்கும்வரை, கோயில் திண்ணையில் கால்களை மடக்கி உட்கார்ந்து, அப்பத்தா முழுக் கதையையும் சொன்னார். அவர் சொன்ன கதையில் ராஜேந்திரன் என்ற பெயரே வரவில்லை.